விமலநாதன் அவர்களுக்கு நான் வாசித்த நாவல்கள்

கட்டுரை எழுதிப் பழக்கமில்லாதவன் நான் என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நமது வாசகர் வட்டத்தின் பத்தாவது ஆண்டு மலருக்கு, சமகால நாவல்கள் பற்றி ஒரு வாசகனின் அபிப்பிராயமாக ஆறு பக்கங்கள் எழுதித் தருமாறு செயலாளர் சஞ்சீவனி அவர்கள் சென்ற பௌர்ணமிப் போயா தினத்தன்று கேட்டுக்கொண்டார். அவர் வங்கியில் பொறுப்பான பதவியில் இருப்பவர். மறுப்பைக் காதில் வாங்காத பழக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

"ராஜலிங்கம் அண்ணே, நம்ம வட்டத்துல நீங்க வாசிக்காத நாவலே கெடையாது. ஆனா பத்து வருசத்துல ஒரே ஒருவாட்டிதான் வாயத் தொறந்திருக்கீங்க. பேச வேணாம், எழுதியாச்சும் குடுங்க," என்றார்.

முப்பத்தொரு ஆண்டுகள் கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில், சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். சுற்றறிக்கைகளும் அறிவித்தல்களும் மேன்முறையீடுகளுக்கான பதில்களுமாகப் பிறருடைய வாக்கியங்களையே வாழ்நாள் முழுவதும் எழுதியவன். என்னுடையது என்று சொல்லத்தக்க வாக்கியங்களை அச்சுக்குக் கொடுப்பது இதுவே முதல் தடவை. பிழைகள் இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

இன்றைய நாவல்கள் முடிவதில்லை, நின்றுவிடுகின்றன என்பது என் முதல் அபிப்பிராயம். ஒரு பெண் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறாள், மழை பெய்கிறது, கடைசிப் பக்கம் வந்துவிடுகிறது. அவள் எங்கே போனாள் என்று கேட்டால், அதை வாசகர்தான் தீர்மானிக்க வேண்டும் என்கிறார்கள். வாசகர் வேலை முடிந்து, நெரிசலில் தொங்கிக்கொண்டு வீடு வந்து, கால்களைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எழுத்தாளர் தமது மிச்ச வேலையையும் அவருடைய மடியில் வைத்துவிட்டுப் போவது முறைதானா என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

மலையகத்தைப் பற்றிய நாவல்களில் எவரும் சிரிப்பதில்லை என்பதும் எனக்கு நெடுநாள் வருத்தம். நான் மடுல்கெல்லையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பனியும் அட்டைக்கடியும் இருந்தது மெய்தான். ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் என் தாயார் பாலம்மா சொன்ன பகிடிகளைக் கேட்டு, கணக்கப்பிள்ளை தராசை விட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார். நாவல்களில் அந்தத் தராசு வருகிறது. பனி அத்தியாயத்துக்கு அத்தியாயம் வருகிறது. கணக்கப்பிள்ளை சிரிப்பது மட்டும் வருவதில்லை.

இந்த அபிப்பிராயங்கள் மௌனமாக வாசித்து அடைந்தவை அல்ல. ஆறு ஆண்டுகளாக நாவல்களை நான் உரத்து வாசித்து வருகிறேன். கேட்பவர் ஒருவரே. அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர் விமலநாதன் அவர்கள். அம்பிட்டியவில் வசிக்கிறார்.

அவர் யாழ்ப்பாணத்தவர். உத்தியோக காலம் முழுவதையும் வடக்கிலும் கிழக்கிலும் கழித்தவர். பேராதனையில் விரிவுரையாளராக இருந்த மகள் நிரஞ்சலாவுடன் வாழ்வதற்காக மனைவி லீலாதேவி அவர்களோடு இங்கே வந்தார். பின்னர் மகள் மெல்பேர்னுக்குப் போய்விட்டார். கண்டியின் குளிர் பிடித்துப்போனதால் பெற்றோர் தங்கிவிட்டார்கள். அதன்பின் ஓராண்டுக்குள் அவருடைய இரு கருவிழிகளிலும் புண் உண்டாகி, ஆறியபோது வெண்தழும்பாகிவிட்டது. வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். அவர் பெருவாசகர். வாசகர் வட்டத்தில் பக்கத்துக் கதிரையில் உட்காருபவன் என்ற முறையில், வந்து வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். திங்கள், புதன், வெள்ளி, மாலை நான்கு மணிக்கு என்று ஏற்பாடாயிற்று.

என் வாழ்க்கையில் எவரும் நான் பேசுவதை இரண்டு மணிநேரம் கேட்டதில்லை. அவர் கேட்டார். தலையைச் சற்றுச் சாய்த்து, ஒரு சொல்லும் கீழே விழாமல் கேட்டார்.

முதல் நாவலிலேயே ஒரு சங்கடம் ஏற்பட்டது. முகாம் முகாமாக மகனைத் தேடி அலையும் ஒரு தந்தையின் கதை அது. ஓர் அத்தியாயத்தின் இறுதியில் அவர் ஒரு பட்டியலில் மகனுடைய பெயரைக் காண்கிறார். அது இறந்தவர்களின் பட்டியல். விமலநாதன் அவர்களின் மூத்த மகன் சயந்தன் யுத்தத்தின் கடைசி மாதங்களில் இறந்தவர். லீலாதேவி அவர்கள் அப்போது தேநீரோடு கதவடியில் நின்றார்கள். "பெயர் இருந்தது" என்று அச்சாகியிருந்ததை, "பெயர் இருக்கவில்லை" என்று வாசித்தேன்.

எந்த மனிதரும் அவ்விடத்தில் அதைத்தான் செய்திருப்பார் என்று இன்றும் எண்ணுகிறேன். ஆனால் அந்த நாவலில் இன்னும் நூற்று நாற்பது பக்கங்கள் மீதமிருந்தன. பட்டியலில் பெயர் இல்லாத ஒருவரை அத்தனை பக்கங்களுக்கும் உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு எனக்கு வந்துவிட்டது. வீட்டில் முந்திய நாளே உட்கார்ந்து அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய், புத்தகத்துக்குள் வைத்து வாசித்தேன். கடைசியில் அந்த மகன் வவுனியாவில் சைக்கிள் திருத்தும் கடையொன்று போட்டான். தந்தை கடைக்கு முன்னால் நின்று காற்றடிக்கக் கேட்கிறார், மகன் நிமிர்ந்து பார்க்கிறான்.

விமலநாதன் அவர்கள், "இப்பிடியும் எழுதுறாங்களே ஐசே," என்றார். "நான் இந்தக் காலத்துப் பெடியள் எழுத மாட்டாங்கள் எண்டெல்லே நினைச்சிருந்தன்."

அதற்குப்பின் வந்த நாவல்களில் கருணையின் பொருட்டு மட்டுமல்லாமல், என் அபிப்பிராயங்களின் பொருட்டும் சிறு திருத்தங்கள் செய்தேன். முடிவில்லாதவற்றுக்கு முடிவு வைத்தேன். கனவு வரும் பக்கங்களைத் தவிர்த்தேன். நாள் முழுவதும் வேலைக்கே போகாத பாத்திரங்களை வேலைக்கு அனுப்பினேன். மடுல்கெல்லைப் பகிடிகளைத் தேவையான இடங்களில் சேர்த்தேன். இரண்டு ஆண்டுகளில், புத்தகத்தில் உள்ளதைக் காட்டிலும் கொப்பியில் உள்ளது அதிகமாகிவிட்டது. அவர் எழுத்தாளர்களைப் பாராட்டியபோது நான் அடக்கத்துடன் தலைகுனிந்தேன். பார்வையற்றவர் என்பதால் அதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

மூன்றாம் ஆண்டில், கண்களின் அழற்சி அடங்கிவிட்டது, இனி மாற்றுக் கருவிழி பொருத்தினால் பார்வை திரும்பும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். காத்திருப்போர் பட்டியலில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. தானமாகக் கிடைக்கும்போது தொலைபேசியில் அறிவிப்பார்கள், மறுநாட்காலையே வர வேண்டும். விண்ணப்பப் பத்திரம் சிங்களத்தில் இருந்தது. வழக்கம்போல் நானே நிரப்பினேன். அந்த வீட்டுக்கு வரும் மின்சாரப் பட்டியலிலிருந்து மாநகர சபைக் கடிதம் வரை எல்லாச் சிங்களமும் என் வழியாகவே உள்ளே போகும்.

"எங்கட நம்பரைக் குடுத்து என்ன, எடுத்தால் எனக்குச் சிங்களத்தில 'ஹரி ஹரி' எண்டு மட்டும்தான் சொல்லத் தெரியும்," என்றார்கள் லீலாதேவி அவர்கள். "உங்கட நம்பரையே போடுங்கோ ராஜலிங்கம். நீங்கள் எங்கட வீட்டு ஆள்தானே."

போட்டேன்.

அதே மாதப் போயா தினத்தில்தான் நமது வட்டம் அந்தப் பஸ் தரிப்பிட நாவலை விவாதித்தது. கட்டுக்கலையில் நாம் கூடும் மாடியறையில் அன்று இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். என்னுடைய வாசிப்பில் அந்தப் பெண் மழையில் நிற்கவில்லை. புசல்லாவைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, மிச்சக் காசு தராத கொண்டக்டரை இரண்டு பக்கங்களுக்கு ஏசிவிட்டு, பக்கத்தில் இருந்தவளுக்குப் பாதி வடையைக் கொடுக்கிறாள். விமலநாதன் அவர்கள் எழுந்து, அந்தக் காட்சியே நாவலின் சிகரம் என்றார்.

அக்குறணையைச் சேர்ந்த ஆசிரியர் ஷிராஸ் அவர்கள் தயங்கித் தயங்கிக் கை உயர்த்தினார். "சேர், நான் இத ரெண்டு தரம் வாசிச்ச. இதுல பஸ் வாரதே இல்ல. அவ கடைசி மட்டும் நின்டுட்டே ஈக்கிறா."

"நீர் எந்தப் புத்தகம் ஐசே வாசிச்சனீர்? கொண்டக்டரைக் கிழி கிழியெண்டு கிழிக்கிறாள்."

"அப்ப எனக்கு வித்த கடக்காரன் பஸ்ஸக் கழட்டி எடுத்துட்டு வித்தீக்கான்," என்றார் ஷிராஸ். அறை முழுவதும் சிரித்தது. விமலநாதன் அவர்களும் சிரித்தார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "சொல்லுமன் ஐசே," என்றார்.

"அது ரெண்டாம் பதிப்புங்க," என்றேன். நான் வாய் திறந்ததாகச் சஞ்சீவனி அவர்கள் குறிப்பிட்ட சந்தர்ப்பம் அதுவே.

திரும்பும்போது முச்சக்கர வண்டியில் அவர் உற்சாகமாக இருந்தார். "கண் வந்தாப் பிறகு முதல் வேலை, ரெண்டு பதிப்பையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு வாசிக்கிறதுதான். அது மட்டுமில்லை. நீர் வாசிச்ச எல்லாப் புத்தகத்தையும் நான் திரும்ப வாசிக்கப்போறன். சேவையர் எல்லே, ஒருக்கா அளந்ததை மற்றொருக்கா அளக்காமல் கையெழுத்து வைக்க மாட்டன்."

அப்போது நாற்பத்தொரு நாவல்கள் முடிந்திருந்தன. அனைத்தும் அவருடைய வீட்டில், லீலாதேவி அவர்கள் அட்டை போட்டு வைத்தபடி இருந்தன.

பதினொரு நாட்களின் பின் முதலாவது அழைப்பு வந்தது. நான் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். தாதி மரியாதையாகப் பேசினார். கருவிழி கிடைத்திருக்கிறது, நாளைக் காலை ஏழு மணிக்கு நோயாளியை அழைத்து வாருங்கள் என்றார். அவருக்குக் கடுமையான காய்ச்சல் என்று சொன்னேன். முன்கூட்டி யோசித்ததல்ல. முந்திய நாள் அவர் இரண்டு தடவை தும்மியிருந்தார் என்பதையும் நேர்மைக்காகக் குறிப்பிட வேண்டும்.

மூன்று மாதங்களில் இரண்டாவது அழைப்பு. ஒரு புதன்கிழமை, அவருடைய வீட்டில், நான் வாசித்துக்கொண்டிருந்தபோதே தொலைபேசி அடித்தது. அவர் எனக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில் இருந்தார். அவர் ஒரு மரணச் சடங்குக்காக யாழ்ப்பாணம் போயிருக்கிறார் என்று சிங்களத்தில் தெரிவித்தேன். இன்னொரு தடவை தவறினால் பட்டியலின் அடிக்குப் போய்விடுவார் என்று தாதி வருத்தத்துடன் சொன்னார்.

"ஆர் ஐசே?"

"பழைய ஒபிஸ்ல இருந்து சேர். ஒரு கடிதத்துல சந்தேகமாம்."

"உம்மட சிங்களம் கேக்க வடிவாயிருக்கு. வாசியும், வாசியும். அவள் கோர்ட்டுக்குப் போனவளோ இல்லையோ?"

இன்னோர் அபிப்பிராயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். சமகால நாவலாசிரியர்கள் மனிதர்களை மிக எளிதாகக் கொன்றுவிடுகிறார்கள். பாத்திரத்தைக் கொண்டு மேலே என்ன செய்வதென்று தெரியாத இடத்தில் ஒரு விபத்து, ஒரு நோய், ஒரு வாக்கியம். அதன்பின் அவரைப் பற்றி யோசிக்க வேண்டிய தொல்லை ஆசிரியருக்கு இல்லை. இதை நான் எப்போதும் குறையாகவே கருதி வந்தேன். மூன்றாவது அழைப்பு வந்தபோதுதான், அவர்கள் எவ்வளவு களைத்துப்போய் அந்த இடத்துக்கு வந்திருப்பார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

விமலநாதன் அவர்கள் சென்ற மாதம் காலமாகிவிட்டார் என்று சொன்னேன். சிங்களத்தில் அதற்கு மரியாதையான ஒரு வினைச்சொல் உண்டு. அதையே பயன்படுத்தினேன். தாதி அனுதாபம் தெரிவித்து, பெயரை நீக்கிவிடுவதாகச் சொன்னார். நான் நன்றி கூறினேன். அன்று வெள்ளிக்கிழமை. நான்கு மணிக்கு அம்பிட்டியவுக்குப் போய் வாசித்தேன். அன்றைக்கு என் குரல் மிகவும் தெளிவாக இருந்ததாக அவர் சொன்னார்.

கிளினிக்குக்குப் போக வேண்டிய திகதிகளில், வயதானவர்களை ஏன் வரிசையில் நிறுத்த வேண்டும், நானே போய் விசாரித்து வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். மாலையில் போய், இன்னும் முறை வரவில்லை என்பேன். லீலாதேவி அவர்கள் ஒவ்வொரு தடவையும், "உங்களுக்கு எவ்வளவு அலைச்சல்," என்று சொல்லி, எனக்குக் கொஞ்சம் பனங்கட்டி அதிகமாக வைப்பார்கள்.

இதையெல்லாம் அவருடைய நன்மைக்காகவே செய்தேன் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். கண் திறந்தால் அவர் வாசிக்கக்கூடிய முதல் நூல், மகனுடைய பெயர் பட்டியலில் இருக்கும் அந்த நூலாக இருக்கலாம். அதற்கு அவரை எப்படி ஒப்புக்கொடுப்பது? இது நியாயமான வாதமென்றே மூன்று ஆண்டுகளாக எனக்குத் தோன்றி வந்தது. அவர் என்னை ஏமாற்றுக்காரன் என்று அறிந்துகொள்வார், அதன்பின் திங்கள், புதன், வெள்ளி நான்கு மணிக்கு எனக்குப் போக இடமிராது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை.

சென்ற டிசம்பரில் நிரஞ்சலா விடுமுறையில் வந்தார். தந்தையை ஒரு தனியார் வைத்தியரிடம் அழைத்துப் போனார். நானும் உடன் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறி, பார்வை நரம்பு செத்துவிட்டது, இனிக் கருவிழி மாற்றிப் பயனில்லை என்று வைத்தியர் விளக்கினார். இரண்டு வருடங்களுக்கு முன் செய்திருந்தால் அழுத்தமும் அப்போதே தெரிந்திருக்கும், வாசிக்கும் அளவுக்குப் பார்வை கிடைத்திருக்கும் என்றார்.

தாழ்வாரத்தில் நிரஞ்சலா என்னைத் தனியே கூப்பிட்டார். "அங்கிள், உங்கட நம்பருக்கு ஒருக்காக்கூட கோல் வரேல்லையே?"

"இல்லம்மா. ஒருவாட்டிகூட வரல."

அவர் என்னை நம்பினார். எனக்கு அழுகை வந்தது. அது நடிப்பல்ல என்று உறுதியாகச் சொல்வேன். விமலநாதன் அவர்கள் சத்தத்தைக் கேட்டு, வாங்குப் பலகையில் இருந்தபடியே கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்தார்.

"நீர் ஏன் ஐசே அழுறீர்? கண் போனது எனக்கெல்லே. நீர் இருக்கிறீர்தானே வாசிக்க."

அன்றிலிருந்து எனக்குப் பெருங்களைப்பாக இருக்கிறது. இப்போது அறுபத்தாறு நாவல்கள். ஒவ்வொன்றிலும் இரண்டை நினைவில் வைத்திருக்க வேண்டும். எந்தப் பாத்திரம் எங்கே உயிரோடிருக்கிறார், எங்கே இல்லை என்று பஸ்ஸில் வரும்போதும் சரிபார்த்துக்கொண்டே வருகிறேன். ஒருவரையொருவர் அறியாத இரு குடும்பங்களை நடத்துபவருக்கு இப்படித்தான் இருக்கும் போலும். ஆகவே சஞ்சீவனி அவர்கள் ஆறு பக்கம் கேட்டபோது, அபிப்பிராயங்களோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை.

அலுவலகத்தில் இறுதிப் பந்தியைத் தெளிவாக எழுத வேண்டும் என்பார்கள். அப்படியே எழுதுகிறேன். விமலநாதன் அவர்கள் இன்று பார்வையற்றிருப்பதற்கு நோய் காரணமல்ல. மூன்று தடவை அவருக்குக் கண் வந்தது. மூன்று தடவையும் நான் அதைத் திருப்பி அனுப்பினேன். தெரிந்தே அனுப்பினேன்.

இதை உங்களுக்குத் தருவதற்கு முன் அவர் அறிய வேண்டும் என்பது முறை. நேற்று முன்தினம் புதன்கிழமை, எழுதியதை எழுதியபடியே வாசிப்பது என்ற உறுதியோடு அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினேன். நான் எழுதியது என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். லீலாதேவி அவர்களையும் கூப்பிட்டு இருத்தினார். ஒருவர் புத்தகம் வாசிக்க, கண்ணில்லாத நண்பர் கேட்கும் கதை என்று தொடங்கினேன். சந்தையில் கீரை வாங்கும் இடம் வந்தது. தொலைபேசி அடித்தது. தாதி, நாளைக் காலை ஏழு மணிக்கு என்றார்.

"வருகிறோம் என்று அவன் சொன்னான்," என்று வாசித்தேன்.

அதன்பின் கொப்பி இல்லாமலே வாசிக்க வேண்டியிருந்தது. ஆனால் பழக்கம் கைகொடுத்தது. முச்சக்கர வண்டியில் மூவரும் போனார்கள். மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள்.

"எங்களைத்தானே ஐசே எழுதியிருக்கிறீர்?" என்று மெதுவாகக் கேட்டார் விமலநாதன் அவர்கள்.

"ஓரளவுக்கு, சேர்."

"கண்ணைத் திறந்து முதல்ல என்ன பார்த்தவர்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. "வீட்டுக்காரம்மாவப் பாத்தாரு சேர். வயசாயிருச்சுன்னாரு."

லீலாதேவி அவர்கள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு வேறாகிவிட்டது. அவர் மனைவியின் பக்கம் கையை நீட்டி, கிடைத்த விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கிடைக்காததை எழுதித் தந்திட்டீர்," என்றார். "அந்த மொழிபெயர்ப்புக்காரனை எனக்குப் பிடிச்சிருக்கு. நல்ல மனிசன். அச்சில வந்தாப் பிறகு மற்றொருக்கா வாசிச்சுக் காட்டும்."

வாசித்துக் காட்டுவதாக வாக்களித்தேன். மூன்று ஆண்டுகளாக அவரிடம் சொல்ல வேண்டியிருந்ததை ஒருவாறு சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியோடு, ஆறேகால் பஸ்ஸில் மஹியாவையிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பினேன்.